பட்டாணித் தட்டு: பிள்ளைகளை மாவிலும் கூழிலும் அளைய விடும் பெற்றோருக்கு

என் மகனுக்கு இப்போது நான்கு வயது நடக்கிறது. மாவு, கூழ் என்று சமையலறையில் இருப்பதைக் கொடுத்துக் கையால் அளைய விடும் விளையாட்டு அவனுக்குச் செய்த நன்மை பெரியது. அதே விளையாட்டால் ஓர் ஐப்பசி இரவில் அவனைத் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் தஞ்சாவூருக்கு ஓடவும் நேர்ந்தது. எப்படிச் செய்வது என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எதைக் கொடுக்கக் கூடாது, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்யக் கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பணமும் மிஞ்சியிருக்கும், பிள்ளைக்கு அந்த வலியும் வந்திருக்காது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து வடுவூர் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மாமியார் பாதி நாட்கள் கும்பகோணத்தில் நாத்தனார் வீட்டில் இருப்பார். ஆகவே பெரும்பாலும் வீட்டில் நானும் பிள்ளையும்தான். அவனுக்கு இரண்டு வயது கடந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். கையில் ஈரமோ பிசுக்கோ பட்டால் துடித்துப்போவான். ஒரு சோற்றுப் பருக்கை விரலில் ஒட்டினால் அதைத் துடைக்கும்வரை அழுகை ஓயாது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் மற்றப் பிள்ளைகள் ஈர மணலில் புரண்டுகொண்டிருந்தபோது இவன் என் இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்றார்கள் உறவில் சிலர். அந்தச் சொல் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. சில பிள்ளைகளுக்குத் தொடு உணர்வு அளவுக்கு மேல் கூர்மையாக இருக்கும், நமக்கு ஒன்றுமில்லாத ஈரம் அவர்களுக்குத் தாங்க முடியாத தொந்தரவாக இருக்கும், இதற்கும் வளர்ப்புக்கும் சம்பந்தமில்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஊர்ப் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தஞ்சாவூரில் இருக்கும் ஒரு தனியார் பயிற்சி மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். ஒரு மாதத்துக்கு 6,000 ரூபாய் முன்பணம். அதோடு வீட்டில் விளையாட ஒரு பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள், அது 2,800 ரூபாய். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். சாயம் ஏற்றிய காய்ந்த பட்டாணி, ராஜ்மா, கொண்டைக்கடலை, மைதா ஒரு பொட்டலம், கார்ன்ஃப்ளார் ஒரு பொட்டலம், தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் சிறு பந்துகள் ஒரு பை, பிளாஸ்டிக் தட்டுகள். அந்த ஊதும் பந்துகளைத் தவிர மற்ற எல்லாம் மளிகைக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் படங்களோடு அச்சிட்டிருந்தார்கள். எச்சரிக்கை என்று ஒரு வரிகூட இல்லை.

முதலில் மாவு. மைதாவில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பச்சையாகப் பிசைந்து கொடுக்கச் சொன்னது அந்தத் தாள். மூன்று வயதுப் பிள்ளை கையில் இருப்பதை வாயில் வைக்காமல் இருக்குமா? இங்கே இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பச்சை மாவில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். வேகவைத்தால்தான் அவை சாகும். அடுத்தது உப்பு. மாவு கெடாமல் இருக்கக் கப் கணக்கில் உப்பு போடுவார்கள். சிறு பிள்ளை அதில் நாலைந்து உருண்டை விழுங்கினால் இரத்தத்தில் உப்பு ஏறி, வாந்தியில் தொடங்கி வலிப்புவரை போகலாம். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பருவத்தில் உப்பு மாவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த கொழுக்கட்டை மாவு இருக்கிறதே, அதைவிட நல்லது எதுவும் இல்லை. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அரிசி மாவைத் தூவிக் கிளறி இறக்கி, மூடிவைத்துக் கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் போதும். கையில் ஒட்டாது, மெத்தென்று இருக்கும், தின்றாலும் ஒன்றும் ஆகாது. என் மகன் முதன்முதலில் முழு உள்ளங்கையையும் வைத்து அழுத்தியது இந்த மாவைத்தான், ஆனால் அது பல வாரங்கள் கழித்து நடந்தது.

கார்ன்ஃப்ளார் விளையாட்டு உண்மையிலேயே அருமையானது. இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். விரலால் குத்தினால் கெட்டியாக நிற்கும், விரலைத் தளர்த்தினால் ஒழுகிப்போகும். அரிசி மாவில் இது இவ்வளவு நன்றாக வராது. அவன் கரண்டியால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தான். விளையாட்டு முடிந்ததும் தாளில் சொல்லியிருந்தபடி தண்ணீர் ஊற்றித் தொட்டியில் கழுவினேன். கார்ன்ஃப்ளார் குளிர்ந்த தண்ணீரில் கரையாது, குழாய் வளைவில் போய் அடியில் படியும். சில நாட்களில் சுண்ணாம்புக் காரை போல இறுகி அடைத்துக்கொண்டது. வெளியே மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கும் நாட்கள் அவை. சமையலறைத் தொட்டியில் கழுநீர் எதிர்த்து வந்தது. குழாய் வேலைக்காரர் மழையில் வர மறுத்து, பிறகு வந்து வளைவைக் கழற்றிச் சுத்தம் செய்ய 1,200 ரூபாய் ஆனது. இந்தக் கலவையைத் தட்டிலேயே வெயிலிலோ காற்றிலோ காயவிடுங்கள். பொடியாகிவிடும், சுரண்டிக் குப்பைக் குழியில் கொட்டிவிடலாம். மைதாப் பசை, ஜவ்வரிசிக் கூழ் எதையும் தொட்டிக்குள் விடாதீர்கள்.

இப்போது அந்த இரவு. இரண்டு நாள் விடாத மழை, சம்பா நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது, மாலையிலேயே மின்சாரம் போய்விட்டது. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அவனுக்குப் பட்டாணித் தட்டை வைத்தேன். அதுவரை அவன் கரண்டியால் மட்டுமே தொடுவான். அன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து விரலையும் பட்டாணிக்குள் நுழைத்தான். விரலிடுக்கில் பட்டாணி உருளுவதைப் பார்த்து அவன் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது. நான் அழுதுவிட்டேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டக் கைபேசியை எடுத்தேன், சிக்னல் இல்லை. அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தும்மினான். பிறகு மூக்கைத் தேய்த்தான். திரும்பத் திரும்பத் தேய்த்தான். "மூக்கு" என்றான். விளக்கை அருகில் வைத்துப் பார்த்தபோது வலது துவாரத்துக்குள் பச்சை நிறம் லேசாகத் தெரிந்தது. பிள்ளையின் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, இது ஒரு நொடியில் நடந்துவிடும். அதனால்தான் தட்டில் என்ன இருக்கிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். ஒருவர் மூக்கில் எண்ணெய் விடலாம் என்றார். ஒருவர் தாத்தாவின் மூக்குப்பொடியைக் கொஞ்சம் காட்டினால் தும்மலில் வந்துவிடும் என்றார். இன்னொருவர் கையில் கொண்டை ஊசி தயாராக இருந்தது. எல்லாரும் என் பிள்ளைமேல் உள்ள அன்பில்தான் சொன்னார்கள். எனக்கு என்னவோ எதையும் செய்ய மனம் வரவில்லை, குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு "ஆட்டோவைக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அருகில் இருந்த மருத்துவமனைக்குப் போனோம். இரவில் காது மூக்கு தொண்டை மருத்துவர் இல்லை, தஞ்சாவூர் போங்கள் என்றார்கள். ஆட்டோ ஓட்டியவர் எங்கள் தெருக்காரர். "பயப்படாதே தங்கச்சி, போய்விடலாம்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். வடுவூர் ஏரிப் பக்கம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் முன்கண்ணாடியில் சாலையே தெரியவில்லை. அவன் தூங்கிவிட்டால் பட்டாணி உள்ளே இழுபட்டு மூச்சுக்குழாய்க்குப் போய்விடுமோ என்று பயந்து, வழி முழுவதும் அவனை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே போனேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருத்துவர் இருந்தார். போர்வையில் கைகால் அசையாமல் சுற்றி, என் மடியில் வைத்து, நர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, நுனி வளைந்த மெல்லிய கம்பியைப் பட்டாணிக்குப் பின்னால் செலுத்தி முன்பக்கம் இழுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்த பட்டாணியைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். போகும்போது சுருங்கிக் கல்லாக இருந்தது, வரும்போது தோல் வெடித்து, சாயம் போய் வெளிறி, நன்றாக ஊறிப் பருத்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் இன்னும் ஊறி, எடுப்பது கடினமாகியிருக்கும் என்றார். பிறகு இன்னொரு துவாரத்தையும் இரண்டு காதுகளையும் விளக்கு போட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் போட்ட பிள்ளை வேறிடத்திலும் போட்டிருக்கலாம் என்பதால் எப்போதும் பார்ப்பார்களாம். நீங்களும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டோ, மருத்துவமனை எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்கு மேல் போனது.

அவர் சொன்னவற்றை அன்றிரவே கைபேசியில் எழுதிவைத்துக்கொண்டேன். பயறு, பட்டாணி, கடலை, விதை எல்லாம் ஈரத்தில் ஊறிப் பெரிதாகும். ஆகவே மூக்கில் தண்ணீரோ சொட்டு மருந்தோ விடக் கூடாது. கொண்டை ஊசி, சாமணம், விரல் எதை விட்டாலும் பொருள் இன்னும் உள்ளே போகும், இரத்தமும் வரும். மூக்குப்பொடி போட்டால் தும்முவதற்கு முன் பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும், ஆபத்து அதில்தான். பிள்ளையை உட்கார்ந்த நிலையில் வைத்து, வாயால் மூச்சுவிடச் சொல்லி, அமைதியாகக் கொண்டுபோக வேண்டும். தாயோ தந்தையோ பிள்ளையின் வாயோடு வாய் பொருத்தி, அடைப்பில்லாத துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, சட்டென்று ஒரு முறை ஊதினால் பொருள் வெளியே வருவதுண்டு. மருத்துவரோ நர்ஸோ வழிகாட்டச் செய்யும் முறை அது. இருமல், மூச்சுத்திணறல், குரல் மாற்றம் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மூக்கில் போனது பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் பொத்தான் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும், விடியட்டும் என்று விடக் கூடாது. யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு ஒரே பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வரும். சாதாரணச் சளி என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தப் பெட்டியில் இருந்த ஊதும் பந்துகளையும் மருத்துவரிடம் காட்டினேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது. விழுங்கிய பந்து வயிற்றுக்குள்ளும் ஊதிக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஈரமும் வழுவழுப்பும் வேண்டுமென்றால் வெந்த ஜவ்வரிசி இருக்கிறது, நன்றாக ஊறிய சப்ஜா விதை இருக்கிறது. இரண்டும் தின்னும் பொருள். ராஜ்மாவும் கூடாது. பச்சையாகக் கடித்து விழுங்கினால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

பயிற்சி மையத்தில் போய்ச் சொன்னேன். "நீங்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. கட்டிய பணம் திரும்பாது என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூக்குத் துவார அளவில் விதைகளைக் கொடுத்துவிட்டு, தனியாக இருக்கும் ஒரு தாயின் தலையில் பழியைப் போடுவது அநியாயம். பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. அவ்வளவு முயன்று பட்டாணிக்குள் கையை விட்ட பிள்ளை, அதன்பின் எந்தத் தட்டைப் பார்த்தாலும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வாரக்கணக்கில் அப்படியே இருந்தான்.

எங்கள் அங்கன்வாடி ஊழியர்தான் அப்போது வழி சொன்னார். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் இலவசம். மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கே வந்து பார்க்கும். தேவைப்பட்டால் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்கும் சிகிச்சையாளர், அவனைப் பொறுமையாகப் பார்த்தார். ஒரு ரூபாய் செலவில்லை. இது முதலிலேயே தெரிந்திருந்தால் 8,800 ரூபாய் கையில் இருந்திருக்கும். உங்கள் ஊர் அங்கன்வாடியில் மருத்துவக் குழு எப்போது வரும் என்று கேட்டுவையுங்கள்.

அந்தத் தெரபிஸ்ட் சொன்ன முறை எளிமையானது. பிள்ளையின் கையைப் பிடித்து எதிலும் திணிக்கக் கூடாது. முதலில் கரண்டி, பிறகு தூரிகை, பிறகு கெட்டியான பிளாஸ்டிக் கவருக்குள் கூழை விட்டு மூடி அதன்மேல் விரலால் கோடு போடுவது, பிறகு உலர்ந்த பொருள், கடைசியில்தான் ஈரம். லேசாகத் தடவுவதைவிட அழுத்திப் பிசைவது இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியது, அதனால்தான் கூழைவிடக் கொழுக்கட்டை மாவு முதலில் வர வேண்டும். பக்கத்தில் ஓர் ஈரத்துணி எப்போதும் இருக்கட்டும். வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் பிள்ளை துணிந்து தொடும். என் மகன் முதலில் ஒரு விரலால் தொட்டுத் துடைப்பான், தொட்டுத் துடைப்பான். துணி அவன் மடியிலேயே கிடக்கும். நாளடைவில் துடைப்பது குறைந்தது. இப்போது தயிர்சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிடுகிறான், முழங்கைவரை வழிந்தாலும் கவலைப்படுவதில்லை.

இடம் கொல்லைப்புறம், மழைக்காலத்தில் தாழ்வாரம். பித்தளைத் தாம்பாளம் ஒன்று, கீழே பழைய சாக்கு. குளிக்கவைப்பதற்கு முன்னால், வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய எந்தக் கெட்டிப் பொருளும் தாம்பாளத்தில் இருக்கக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். உமியையும் தவிர்க்கிறேன், தூசு கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துப் பழைய செய்தித்தாளில் முத்திரை குத்தினால் பூப்பூவாக விழும், அதை அவன் மணிக்கணக்கில் செய்கிறான். சாயத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, சங்குப்பூ கொதித்த தண்ணீர். சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகும், பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். மஞ்சள் சிவப்பாக வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போதும். ஆரத்திக்குக் கரைப்பதுபோலச் சுண்ணாம்பு போட வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியை வேகவைத்துப் பார்வையையே பறிக்கும். கும்பகோணம் வெற்றிலை போடும் பாட்டி இருக்கிற வீட்டில் வெற்றிலைப் பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் குண்டுமணியும் அப்படியே, அந்த விதை உடைந்து வயிற்றுக்குள் போனால் கொடிய நஞ்சு. காகிதம் ஒட்டப் பசை வேண்டுமென்றால் மைதாவை வீட்டிலேயே காய்ச்சுங்கள். சுவரொட்டிக்கும் பைண்டிங்குக்கும் காய்ச்சும் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற நச்சு உப்பு) கலப்பார்கள், அதைக் கடன் வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்துவிடக் கூடாது.

மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து ஈரப்பதத்தில் எதுவும் மறுநாள்வரை நிற்காது. கொழுக்கட்டை மாவை அன்றே மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடுகிறேன். பூஞ்சை வாசம் வந்த மாவை மோந்துகூடப் பார்க்க விட மாட்டேன். மஞ்சள் பட்ட சட்டையைச் சோப்பு போட்டதும் சிவப்பாக மாறினால் பதற வேண்டாம், அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் கறை தானாக வெளுத்துவிடும். பயிற்சி மையம் எதிலாவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு பொருளையும் எடுத்து "இதை என் பிள்ளை விழுங்கினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பையிலிருந்து பணத்தை எடுக்காதீர்கள்.